யார்க் நகரத்துக் கடைகளுக்கு எச்.ஆர் ஏன் வெளியிலிருந்து வருகிறது?

இங்கிலாந்தின் வடக்கில் இருக்கிற யார்க், மதில் சூழ்ந்த பழைய ஊர். கி.பி. 71-ல் ரோமப் படை இங்கே கோட்டை போட்டது. அப்புறம் வைக்கிங்குகள் ஆண்டார்கள். இடைக்காலத்தில் கம்பளி வணிகர்கள் கொழித்தார்கள். இன்று மாநகர எல்லைக்குள் வசிப்பவர்கள் சுமார் 2 லட்சம் பேர். சுற்றிப் பார்க்க வருகிறவர்களோ வருடத்துக்கு 80 லட்சத்துக்கும் மேல். இந்தக் கூட்டத்துக்குத் தேநீர் ஊற்றி, அறை பெருக்கி, சாக்லேட் விற்கிறவர்களில் பெரும்பாலோர் ஐந்து பேர், பத்துப் பேர், மிஞ்சினால் முப்பது பேர் இருக்கிற சின்ன நிறுவனங்களில் வேலை செய்கிறார்கள். ஷாம்பிள்ஸ் தெருவில் எதிரெதிர் வீட்டு மாடிகள் ஒன்றையொன்று தொட்டுவிடும்போல முன்னே சாய்ந்து நிற்கும். அந்தக் கடைகளில் சரக்கு வைக்கவே இடம் பற்றாது. ஊழியர் விவகாரங்களைப் பார்க்கிற எச்.ஆர் துறைக்கு எங்கே போவது?

ஆனால் பிரிட்டிஷ் தொழிலாளர் சட்டம் கடையின் அகலத்தைப் பார்ப்பதில்லை. கிட்கேட் செய்கிற நெஸ்லே தொழிற்சாலை இதே ஊரில்தான் இருக்கிறது. அங்கே பொருந்துகிற விதிகளில் பெரும்பகுதி ஏழு பேர் வேலை செய்யும் தேநீர்க்கடைக்கும் பொருந்தும். ஏப்ரல் 2020-லிருந்து, வேலைக்குச் சேரும் முதல் நாளே சம்பளம், வேலை நேரம், விடுப்பு எல்லாம் எழுத்தில் தரப்பட்டாக வேண்டும். வருடத்துக்கு 5.6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. 21 வயது நிரம்பியவருக்குக் குறைந்தபட்சக் கூலி ஏப்ரல் 2026-லிருந்து மணிக்கு 12.71 பவுண்டு. 22 வயது நிரம்பி, வருடம் 10,000 பவுண்டுக்கு மேல் சம்பாதிக்கிறவர் என்றால் அவரை ஓய்வூதியத் திட்டத்தில் தானாகவே சேர்த்து, முதலாளி தன் பங்காகக் குறைந்தது 3 சதவீதம் கட்ட வேண்டும். இது போக, ஊழியரின் சம்பளத்தின் மேல் முதலாளி அரசுக்குக் கட்டும் தேசியக் காப்பீட்டுத் தொகை ஏப்ரல் 2025-லிருந்து 15 சதவீதமாக ஏறிவிட்டது. அது கணக்கிடத் தொடங்கும் வரம்பும் 5,000 பவுண்டுக்கு இறங்கிவிட்டது.

சம்பளப் பட்டியலைக் கணக்காளர் போட்டுக் கொடுத்துவிடுவார். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டால், 'அது என் வேலை இல்லை' என்பார். 'கர்ப்பமாக இருக்கிற பெண்ணின் ஷிஃப்டை மாற்றலாமா? மூன்று வாரமாகக் காய்ச்சல் என்று வராதவரை என்ன செய்வது? சமையல்காரர் கத்தினார் என்று பரிமாறுகிறவர் எழுதிக் கொடுத்திருக்கிறாரே?' இந்தக் கேள்விகளுக்குத்தான் யார்க்கில் வெளியிலிருந்து எச்.ஆர் வாங்குகிறார்கள். பெரிய கம்பெனியில் எச்.ஆர் மேனேஜராக இருந்து விலகி, தனியாளாக மணிக்கணக்கில் ஆலோசனை சொல்கிறவர்கள் உண்டு. நாலைந்து பேர் சேர்ந்து நடத்தி, மாதக் கட்டணத்துக்குக் காண்ட்ராக்ட், ஹேண்ட்புக், தொலைபேசி ஆலோசனை என்று மொத்தமாகத் தருகிற உள்ளூர் அலுவலகங்கள் உண்டு. நாடு முழுக்க வாடிக்கையாளர் வைத்து, வழக்குச் செலவுக்குக் காப்பீடும் சேர்த்து விற்கிற பெரிய சேவைகளும் உண்டு. காசில்லாமல் வேண்டுமென்றால், 1970-களிலிருந்து அரசுப் பணத்தில் இயங்குகிற ஏகாஸ் என்கிற வேலைத் தகராறு ஆலோசனை, சமரச அமைப்பு இருக்கிறது. அதன் உதவி எண்ணுக்கு முதலாளியும் கூப்பிடலாம், ஊழியரும் கூப்பிடலாம். ஒரே நாளில் இரண்டு பேரும் ஒரே தகராறுக்காகக் கூப்பிட்டிருக்கவும் வாய்ப்புண்டு.

இந்தச் சந்தையை 'சட்டம் சிக்கலாகிவிட்டது, அதனால் நிபுணர் தேவைப்படுகிறார்' என்று விளக்குவது வழக்கம். அது பாதி உண்மை. விதிகளை ஏகாஸ் இணையதளத்திலேயே படித்துவிடலாம். நல்ல ஆங்கிலத்தில், மாதிரிக் கடிதங்களோடு இருக்கிறது. வெளி எச்.ஆருக்குக் கொடுக்கிற காசில் பெரும்பங்கு வேறொன்றுக்குப் போகிறது என்பது என் எண்ணம். சின்னக் கடையில் முதலாளியும் ஊழியரும் ஒரே அடுப்பின் முன்னால் நிற்கிறார்கள். ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போயிருப்பார். அந்த நெருக்கத்தில் விசாரணை, எச்சரிக்கை, மேல்முறையீடு எதையும் நடத்த முடியாது. நடத்துவதற்குக் கொஞ்சம் தள்ளி நிற்கிற ஆள் வேண்டும். அந்தத் தள்ளி நிற்றலைத்தான் மாதச் சந்தாவில் வாங்குகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்தத் தொழில் இதே ஊரில் நேர் எதிரான காரணத்துக்காகப் பிறந்தது.

1862-ல் ஹென்றி ஐசக் ரவுண்ட்ரீ யார்க்கில் ஒரு சின்னக் கோகோ வியாபாரத்தை வாங்கினார். ஏழு வருடம் கழித்து அண்ணன் ஜோசஃப் சேர்ந்துகொண்டார். குவேக்கர் என்கிற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். ஆரம்பத்தில் ஒவ்வொரு ஊழியரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குத்தான் தொழில். ஃப்ரூட் பாஸ்டில்ஸ், ஃப்ரூட் கம்ஸ் என்று மிட்டாய்கள் விற்கத் தொடங்கியதும் ஹாக்ஸ்பி சாலையில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் ஆகிவிட்டார்கள், அவர்களில் பெரும்பகுதி இளம்பெண்கள். 1902-ல் கம்பெனி தனக்கென்று ஒரு மாதப் பத்திரிகை தொடங்கியதற்குச் சொன்ன காரணமே, முன்போல எல்லோரையும் நேரில் அறிந்திருக்க முடியவில்லை என்பதுதான்.

அதற்கு முன்பே, 1896-ல், பெண் ஊழியர்களைக் கவனித்துக்கொள்ள மேரி வுட் என்பவரை நியமித்திருந்தார்கள். முதலாளிக்கும் அந்தப் பெண்களுக்கும் நடுவில் நின்று, உடல்நிலை, நடத்தை, குறை எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் கொண்டுபோகிற வேலை. பிரிட்டனில் இந்தத் தொழிலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த நியமனத்திலிருந்துதான் தொடங்குவார்கள். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தன: 1904-ல் ஆலை மருத்துவர், 1906-ல் ஓய்வூதியத் திட்டம், 1919-ல் வாரம் ஐந்து நாள், 44 மணி நேர வேலை. 1922-ல் ஆட்களைத் தேர்ந்தெடுக்கவும் பயிற்றுவிக்கவும் உளவியல் பிரிவு ஒன்றுகூட வைத்தார்கள்.

ஜோசஃபின் மகன் சீபோம் ரவுண்ட்ரீ இன்னொரு வேலை செய்தார். 1899-ல் யார்க்கின் தொழிலாளர் வீடுகளுக்கெல்லாம் ஆள் அனுப்பி, 11,560 குடும்பங்களைக் கணக்கெடுத்தார். ஊர் மக்கள்தொகையில் 27.84 சதவீதம் பேர் வறுமையில் இருந்தது தெரிந்தது. உடம்பு வலு காக்கக்கூட வருமானம் போதாத அடிநிலை வறுமையில் இருந்தவர்களில் பாதிக்கு மேல், குடும்பத் தலைவர் ஒழுங்காக வேலைக்குப் போகிறவர். சோம்பேறித்தனமும் குடியும்தான் வறுமைக்குக் காரணம் என்று பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு, கூலி போதவில்லை என்கிற இந்தக் கணக்கு சங்கடமாக இருந்தது.

அதே சீபோம் ஏற்பாட்டில்தான் 1913 ஜூனில் நலப் பணியாளர்களும் முதலாளிகளுமாக 34 பேர் யார்க்கில் கூடி, நலப் பணியாளர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். முதல் உலகப் போரின்போது ஆயுதத் தொழிற்சாலைகளில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள். அங்கே நலப் பணிகளை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை அரசு சீபோமிடமே கொடுத்தது. சங்கம் பலமுறை பெயர் மாற்றிக்கொண்டது. 1931-ல் தொழிலாளர் மேலாண்மைக் கழகம், 1946-ல் பணியாளர் மேலாண்மைக் கழகம். 2000-ல் அரச சாசனம் பெற்று இன்று சி.ஐ.பி.டி என்று அறியப்படுகிறது. எச்.ஆர் ஆலோசகர்கள் தங்கள் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிற பட்டம் இந்த அமைப்பு தருவதுதான். இந்தியாவின் 1948 தொழிற்சாலைச் சட்டம் 500 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளில் வைக்கச் சொன்ன 'வெல்ஃபேர் ஆபீசர்' பதவியை நினைத்துக்கொண்டால், நம் ஊர் மில்களில் வேலை செய்தவர்களுக்கு மேரி வுட்டின் வேலை சட்டென்று பிடிபடும்.

ரவுண்ட்ரீ குடும்பத்தைத் தூக்கிவைத்துப் பேசுவதில் யார்க் சலிப்பதே இல்லை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. உள்ளே ஊழியருக்கு இவ்வளவு செய்த அதே காலத்தில், ஆலைக்கு வந்த கோகோவில் ஒரு பகுதி ஆப்பிரிக்காவை ஒட்டிய சாவோ தோமே தீவில் அடிமைகளாக நடத்தப்பட்டவர்கள் பறித்தது. கேட்பரி, ஃப்ரை கம்பெனிகளோடு சேர்ந்து ரவுண்ட்ரீயும் அதை வாங்குவதை நிறுத்தியது 1909-ல்தான்.

ஆக, ரவுண்ட்ரீ ஆலையில் முதலாளிக்கும் ஊழியருக்கும் நடுவே விழுந்த தூரத்தைக் குறைக்க எச்.ஆர் வந்தது. இன்றைய தேநீர்க்கடைக்கு அது வருவது, இல்லாத தூரத்தை உண்டாக்க. ஒரு சம்பவத்தைக் கற்பனை செய்துகொண்டால் இது விளங்கும்.

ஒன்பது பேர் வேலை செய்கிற கடை என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை இரவு கல்லாவில் 40 பவுண்டு குறைகிறது. போன வாரமும் குறைந்தது. இரண்டு நாளும் கல்லாவில் நின்றது ஒரே ஆள், மூன்று வருடமாக வேலையில் இருப்பவர். கடைக்காரர் கையில் இரண்டு ஆயுதங்கள் இருப்பதாக நினைக்கிறார்: சம்பளத்தில் பிடிப்பது, இல்லையென்றால் நாளையிலிருந்து வராதே என்பது.

இரண்டுமே அவரைச் சிக்கவைக்கும். கல்லாக் குறைவைச் சம்பளத்தில் பிடிக்க, முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். வாங்கியிருந்தாலும் சில்லறை வியாபாரத்தில் ஒரு சம்பள நாளில் மொத்தச் சம்பளத்தில் 10 சதவீதத்துக்கு மேல் கைவைக்கக் கூடாது என்று 1996 வேலை உரிமைச் சட்டம் சொல்கிறது. வேலையைவிட்டு அனுப்புவதென்றால், அவர் திருடினாரா என்பது மட்டும் கேள்வி இல்லை. பிரிட்டிஷ் ஹோம் ஸ்டோர்ஸ் வழக்கில் 1978-லேயே வகுத்துவிட்ட அளவுகோல் இருக்கிறது. முதலாளி உண்மையிலேயே அப்படி நம்பினாரா, நம்பத் தக்க காரணம் இருந்ததா, அந்தக் காரணத்துக்கு வருமுன் போதுமான அளவு விசாரித்தாரா? மூன்றாவதில்தான் சின்னக் கடைகள் வழுக்குகின்றன.

வெளி எச்.ஆர் வந்தால் முதலில் கடைக்காரரைக் கொஞ்சம் பேசாமல் இருக்கச் சொல்வார். அப்புறம் வேலைகள் வரிசையாக நடக்கும். கல்லாச் சீட்டு, ஷிஃப்ட் அட்டவணை, கேமரா பதிவு எல்லாம் எடுத்து வைக்கப்படும். அந்த நேரத்தில் வேறு யாருக்குக் கல்லாவின் குறியீட்டு எண் தெரியும் என்று கேட்பார். பெரும்பாலான கடைகளில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், பாதி வழக்கு அங்கேயே கரையும். மேலே போக வேண்டும் என்றால், குற்றச்சாட்டு என்ன, ஆதாரம் என்ன, வேலை போகலாம் என்பது உட்பட எல்லாம் எழுதிக் கடிதம் போகும். கூட வேலை செய்கிறவர் ஒருவரையோ தொழிற்சங்கப் பிரதிநிதியையோ அழைத்துவர உரிமை உண்டு என்பதும் அதில் இருக்கும். விசாரித்தவரும் முடிவெடுப்பவரும் முடிந்தவரை வேறுவேறு ஆளாக இருக்க வேண்டும். முடிவுக்கு மேல்முறையீடும் வேண்டும். ஏகாஸ் நடத்தை விதி இந்த வரிசையைத்தான் சொல்கிறது. காரணமில்லாமல் அதை மீறியிருந்தால், ஊழியர் ஜெயிக்கும் வழக்கில், வேலைத் தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் இழப்பீட்டை 25 சதவீதம் வரை கூட்டலாம்.

ஒன்பது பேர் கடையில் மூன்று தனித்தனி ஆட்களுக்கு எங்கே போவது? கடைக்காரர் விசாரித்தால், முடிவெடுப்பவர் அவர் மனைவி. மேல்முறையீட்டைக் கேட்பது யார், மச்சானா? இங்கேதான் வெளியாள் உட்காருகிறார். விசாரணையையோ மேல்முறையீட்டையோ அவர் நடத்தி அறிக்கை கொடுப்பார். இதிலும் ரவுண்ட்ரீக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். 1920-களில் அங்கே ஒழுங்கு நடவடிக்கைகளுக்கு ஒரு மேல்முறையீட்டுக் குழு இருந்தது. அதில் ஊழியர் தரப்பும் நிர்வாகத் தரப்பும் சரிபாதி. இன்றைய சின்னக் கடை வாங்குகிற சேவையில் அந்தச் சரிபாதி கிடையாது. வருகிறவருக்குக் காசு கொடுப்பது ஒரு பக்கம் மட்டும்தான். இதற்கு அப்புறம் வருகிறேன்.

யார்க் மாதிரிப் பழைய ஊருக்கென்றே சில தலைவலிகள் உண்டு. முதலாவது கட்டடம். மதிலுக்குள் இருக்கும் கடைகளில் ஏகப்பட்டவை பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் உள்ளவை. ஒரு கதவை அகலப்படுத்த வேண்டுமென்றாலும் மாநகராட்சியின் தனி அனுமதி தேவைப்படலாம். 2010 சமத்துவச் சட்டமோ, மாற்றுத்திறன் உள்ள ஊழியருக்கு நியாயமான மாற்றங்களைச் செய்து கொடுக்கச் சொல்கிறது. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வருகிற கணக்கருக்கு அலுவலகம் மூன்றாவது மாடியில், ஏறுவதற்கு ஒரு ஆள் அகலத்தில் சுழல் படி. லிஃப்ட் வைக்க முடியாது என்பது நிஜம். அதோடு கடமை முடிந்துவிடவில்லை என்பதைச் சொல்லத்தான் எச்.ஆர். மேசையைத் தரைத்தளத்துக்குக் கொண்டுவர முடியுமா, வாரத்தில் நாலு நாள் வீட்டிலிருந்து செய்யலாமா, பில் கட்டுகளை மேலேற்றுவதை வேறொருவர் பார்க்கலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிவைக்க வேண்டும். கல் சுவர்க் கட்டடங்களில் குளிர் இன்னொரு வழக்கு. உட்கார்ந்து செய்யும் வேலைக்கு அறையில் பொதுவாகக் குறைந்தது 16 டிகிரி இருக்க வேண்டும் என்பது அரசு வழிகாட்டுதல்.

இரண்டாவது ஆறு. ஊஸ் நதியும் ஃபாஸ் நதியும் ஊருக்குள் சேர்கின்றன. ஊஸ் கரையில் கிங்ஸ் ஸ்டெய்த் பக்கம் பப்புக்குள் தண்ணீர் வருவது வருடாந்திரச் செய்தி. 2015 டிசம்பரில் கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள், ஃபாஸ் தடுப்பணையின் இயந்திர அறைக்குள்ளேயே தண்ணீர் ஏற, கதவைத் தூக்க வேண்டியதாகி, நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைகளும் மூழ்கின. கடை மூழ்கினால் ஊழியருக்குச் சம்பளம் உண்டா? 'வேலையே இல்லை, எதற்குச் சம்பளம்' என்பது கடைக்காரரின் இயல்பான கேள்வி. வேலை இல்லாதபோது ஊழியரைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கலாம் என்று காண்ட்ராக்டில் ஒரு வரி இல்லாவிட்டால், வரத் தயாராக இருப்பவருக்குப் பொதுவாக முழுச் சம்பளமும் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த வரி இருந்தால், சட்டப்படியான உத்தரவாதத் தொகையோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏப்ரல் 2025 கணக்கில் அது நாளுக்கு அதிகபட்சம் 39 பவுண்டு, மூன்று மாதத்தில் ஐந்து நாளுக்கு மட்டும். அந்த ஒரு வரி இருக்கிறதா இல்லையா என்பதைத் தண்ணீர் வடிந்த பிறகுதான் பல பேர் தேடிப் பார்க்கிறார்கள்.

மூன்றாவது, ஆட்கள். ஆகஸ்டில் நேவ்ஸ்மைர் மைதானத்தில் எபோர் குதிரைப் பந்தயம், நவம்பர் டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தை, நடுவே பள்ளி விடுமுறைகள். ஜனவரியில் தெரு வெறிச்சோடும். ஆகவே நிரந்தர ஆட்களைக் குறைவாக வைத்துக்கொண்டு, ஊரின் இரண்டு பல்கலைக்கழகங்களில் படிக்கிற மாணவர்களை வைத்து ஓட்டுகிறார்கள். மாதாமாதம் மணி மாறுகிற இவர்களுக்கு விடுப்பைக் கணக்கிடுவது நீண்ட நாள் சிக்கல். வேலை செய்த நேரத்தில் 12.07 சதவீதம் என்று எல்லோரும் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பள்ளி இசை ஆசிரியரின் வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம் வருடத்தில் சில மாதம் மட்டும் வேலை இருப்பவர்களுக்கு அது செல்லாது என்றது. பிறகு அரசு விதியை மாற்றி, 1 ஏப்ரல் 2024 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் விடுப்பு ஆண்டுகளில் அதே 12.07-ஐத் திரும்பக் கொண்டுவந்தது. மாதத்தில் 60 மணி நேரம் வேலை செய்த மாணவிக்கு 7.24, அதாவது 7 மணி நேர விடுப்பு சேரும். இரண்டு வருடத்துக்குள் இப்படித் திரும்பித் திரும்பி மாறியதில், பழைய ஹேண்ட்புக்கைத் தூசி தட்டாமல் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள் என்றுகூடச் சொல்லலாம்!

வெளிநாட்டு மாணவர் என்றால் இன்னொரு அடுக்கு. பட்டப்படிப்புக்காக வந்தவர் பாடம் நடக்கும் வாரங்களில் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. அதை எண்ணிப் பார்க்கும் பொறுப்பு முதலாளிக்கும் உண்டு. வேலைக்கு எடுக்குமுன் அவர் தருகிற ஷேர் கோடை (வேலை அனுமதியைச் சரிபார்க்கும் குறியீட்டை) உள்துறை இணையதளத்தில் போட்டுப் பார்த்து, அந்தப் பக்கத்தைச் சேமித்து வைக்க வேண்டும். அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்தால், பிப்ரவரி 2024-லிருந்து முதல் தடவைக்கே ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம். திரும்ப மாட்டினால் 60,000. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ போய்ப் படிக்கிற பிள்ளைகள், 'இந்த வாரம் இன்னும் ஒரு ஷிஃப்ட் வா' என்று மேனேஜர் கேட்டால் தயங்காமல் மறுக்கலாம். 21-வது மணி நேரத்தில் போகப்போவது இவர்களுடைய விசா. தென்னாசிய உணவகங்கள் ஊரிலிருந்து சமையல்காரரை ஸ்பான்சர் செய்து கூப்பிடுவதும் ஜூலை 2025-லிருந்து ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. புதிதாக வருபவருக்குப் பட்டப்படிப்பு நிலை வேலையாக இருக்க வேண்டும் என்று தகுதியை உயர்த்தியதில் சமையல்காரர் வேலை பட்டியலுக்கு வெளியே போய்விட்டது.

டிப்ஸ் பற்றிச் சுருக்கமாக: 1 அக்டோபர் 2024 முதல் வாடிக்கையாளர் விட்டுப்போகும் டிப்ஸும் சர்வீஸ் சார்ஜும் முழுக்க ஊழியருக்கே. முதலாளி பிடித்தம் செய்ய முடியாது. பங்கிடும் முறை எழுத்தில் இருக்க வேண்டும், கணக்கை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும்.

சரி, வெளியிலிருந்து வருகிற இந்த ஆள் யார் பக்கம்? பிரிட்டனில் எச்.ஆர் ஆலோசகர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். வழக்கறிஞருக்கு இருப்பதுபோல உரிமம் கிடையாது, சி.ஐ.பி.டி பட்டமும் கட்டாயம் இல்லை. அவருக்குச் சம்பளம் தருவது முதலாளி. நல்ல ஆலோசகர் முதலாளியிடம் 'இதைச் செய்யாதீர்கள்' என்று சொல்வதால் ஊழியருக்கும் நன்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விசாரணை முடிவதற்குள்ளேயே முடிவுக் கடிதத்தின் வரைவு தயாராக இருக்கும் இடங்களும் உண்டு. மேல்முறையீட்டுக்கு வந்திருப்பவர் 'சுதந்திரமானவர்' என்று சொல்லப்பட்டால், ஆரம்பத்திலிருந்து இந்த விஷயத்தில் முதலாளிக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தது அவரா, அவருடைய அலுவலகத்தில் இன்னொருவரா என்று ஊழியர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி அது.

முதலாளிகள் கவனிக்காமல் விடுகிற பொறி ஒன்றும் இங்கே இருக்கிறது. வழக்கறிஞரிடம் ஆலோசனை கேட்டு எழுதும் கடிதத்துக்கு ரகசியப் பாதுகாப்பு உண்டு, எதிர்த் தரப்புக்கு அதைக் காட்ட வேண்டியதில்லை. எச்.ஆர் ஆலோசகருக்கு எழுதும் சாதாரண மின்னஞ்சலுக்குப் பொதுவாக அந்தப் பாதுகாப்பு இல்லை. 'இந்த ஆளை எப்படியாவது அனுப்ப வேண்டும், வழி சொல்லுங்கள்' என்று இரவு பதினொன்றுக்குத் தட்டிவிட்ட வரி, தீர்ப்பாயத்தில் சத்தமாக வாசிக்கப்படலாம். வழக்குக்கு முன்பே, தன்னைப் பற்றிய தகவலையெல்லாம் கொடு என்று ஊழியர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி கேட்டால், பொதுவாக ஒரு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். காப்பீடு சேர்ந்த சேவைகளில் இன்னொரு நிபந்தனை: ஒவ்வொரு அடியிலும் அவர்கள் சொன்னபடியே நடந்திருந்தால்தான் வழக்குச் செலவைக் கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை கோபத்தில் கடைக்காரர் தானாக ஒரு கடிதம் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டால் காப்பீடு கைவிரிக்கலாம். பல வருட ஒப்பந்தம் என்றால், நடுவில் விலக என்ன செலவாகும் என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

வழக்கு என்று போனால், ஊழியர் முதலில் ஏகாஸிடம் தெரிவித்தாக வேண்டும், அது சமரசம் பேசிப் பார்க்க வாய்ப்புத் தரும். தீராவிட்டால் தீர்ப்பாயம். ஊழியருக்கு இதில் கட்டணம் எதுவும் இல்லை. 2013-ல் கொண்டுவந்த கட்டணத்தை 2017-ல் உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்று தூக்கிவிட்டது. கட்டணம் இருந்த நாலு வருடத்தில் வழக்குகள் சரிந்தன, கட்டணம் போனதும் ஏறின. எச்.ஆர் சேவைகளின் விற்பனைப் பேச்சில் 2017-க்கு ஒரு தனி இடம் உண்டு.

அடுத்த திருப்பம் 2027-ல். இதுவரை, நியாயமற்ற பணிநீக்கம் என்று வழக்குப் போடப் பொதுவாக இரண்டு வருடம் வேலை செய்திருக்க வேண்டும். அதனால்தான் பல கடைக்காரர்கள் 22-வது, 23-வது மாதத்தில் எச்.ஆருக்குப் போன் போடுகிறார்கள். 2025 டிசம்பரில் நிறைவேறிய வேலை உரிமைச் சட்டம் இதை ஆறு மாதமாகக் குறைக்கிறது, 1 ஜனவரி 2027 முதல். இழப்பீட்டுக்கு இருந்த உச்சவரம்பும் போகிறது. ஏப்ரல் 2026-லிருந்து நோய்க்கால ஊதியமும் முதல் நாளிலிருந்தே உண்டு. முன்பு முதல் மூன்று நாளுக்கு ஒன்றும் கிடையாது.

யார்க்கின் காலண்டரில் இதை வைத்துப் பார்க்க வேண்டும். ஜூன் 2026-ல் கோடைக் கூட்டத்துக்காக எடுத்த ஆள் எபோர் பந்தயத்தையும் கிறிஸ்துமஸ் சந்தையையும் தாண்டி வேலையில் இருந்தால், புத்தாண்டு அன்றே அவருக்கு அந்த உரிமை வந்துவிடும். வியாபாரம் படுத்துப்போன ஜனவரியில், 'சீசன் முடிந்தது, கிளம்புப்பா' என்று வழக்கம்போலச் சொல்லி அனுப்ப முடியாது. காரணமும் முறையும் காட்ட வேண்டும். ஆறு மாத ப்ரொபேஷன் என்று எழுதியிருக்கிற பழைய காண்ட்ராக்டுகளை இப்போதே மூன்று, நாலு மாதமாகச் சுருக்கி, நடுவில் இரண்டு முறை உட்கார்ந்து பேசிக் குறித்துவைக்கும்படி மாற்றிக்கொள்வது கடைக்காரருக்கு நல்லது. மாற்றாதவருக்கு ஆறாவது மாதம் முடியும் நாள்தான் ப்ரொபேஷன் மதிப்பீட்டு நாளாகவும் இருக்கும்.